ஹீட்டர் கோரைக் கழற்றுவதற்கு முன்

பழைய கார் ஒன்றின் ஹீட்டர் சரியாகச் சூடு தரவில்லை என்று வாய் திறந்தால் போதும், "கோர் அடைத்திருக்கும், மாற்றிவிடுங்கள்" என்று பதில் வந்துவிடும். சில கார்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கோர், அதாவது சூடான தண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டர், இருப்பது பெரும்பாலும் டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டிக்குள். அதை வெளியே எடுக்கப் பாதி டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். வருடக்கணக்காக வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும். துருப்பிடித்த ஸ்க்ரூக்களின் தலை மழுங்கும். அவ்வளவும் செய்து பெட்டியைத் திறந்தால் கோர் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரியவரும். இந்த வேதனை யாருக்கும் வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கோரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தெர்மாமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

என்னிடம் இருப்பது 1960களின் பிற்பகுதியில் வந்த நான்கு சிலிண்டர் கார். வாங்கும்போதே அதன் ஹீட்டர் பேருக்குத்தான் இருந்தது. குளிரில் கால் விறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியில் படிந்த ஆவி தெளியாமல் வண்டி ஓட்டுவதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ஹீட்டரை நான் சொகுசுச் சாமானாக நினைப்பதில்லை, பிரேக், வைப்பர் வரிசையில்தான் வைக்கிறேன். 1960களில்கூடப் பல கார்களில் அது கூடுதல் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளும் பொருளாக இருந்தது. அமெரிக்காவில் 1968 முதல்தான் முன்கண்ணாடியின் பனியையும் ஆவியையும் நீக்கும் அமைப்பு பாதுகாப்பு விதியாகக் கட்டாயமானது. நம் பழைய கார்களில் பலவும் அந்த விதிக்கு முந்தியவை. அவற்றின் ஹீட்டர்கள் புதிதாக இருந்தபோதே சுமாரானவை. அந்தச் சுமாரில் பாதி போய்விட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

முதலில் சூடு வரும் பாதையை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள், அதாவது கூலன்ட்டுக்குள் போகிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து அந்தச் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஹீட்டர் வால்வு வழியாகப் பிரிந்து, ஒரு ஹோஸில் ஏறி, கோருக்குள் சுற்றி, இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. இது தண்ணீரின் பாதை. காற்றின் பாதை வேறு. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக நுழைந்து, விசிறி தள்ள, கோரின் தகடுகளுக்கு இடையே புகுந்து, மடல்கள் திருப்பிவிடும் பக்கம் போகிறது: காலுக்கோ கண்ணாடிக்கோ. இரண்டு பாதைகளும் சந்திப்பது கோரில் மட்டும்தான். ஆகவே கேள்விகள் மூன்றே. தண்ணீர் போதிய அளவு சூடாகிறதா? சூடான தண்ணீர் போதிய அளவு ஓடுகிறதா? கோருக்கு வந்த சூடு காற்றில் ஏறி உங்களிடம் வந்து சேருகிறதா? இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மூன்றாவதற்குப் போனால் எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

அளப்பதற்கு அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று இருந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கை: பளபளப்பான பித்தளை, அலுமினியம், குரோம் இவற்றின் மேல் பிடித்தால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரப்பர் ஹோஸின் மேல் பிடியுங்கள், அல்லது உலோகத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். டேஷ்போர்டில் உள்ள வெப்பமானியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களில் வெப்பமானியும் பெட்ரோல் அளவியும் சுமார் 10 வோல்ட் தரும் சின்ன ஸ்டெபிலைசர் ஒன்றின் மூலம் இயங்கின. அது கெட்டால் முள் தன் இஷ்டத்துக்குப் பொய் சொல்லும்.

சரி, முதல் கேள்வி. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிட்டு, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) இருக்கும் பெட்டியிலும் ரேடியேட்டரின் மேல் ஹோஸிலும் அளந்து பார்க்க வேண்டும். என் காரில் நெடுஞ்சாலையில் ஓடிவந்த பிறகும் 60 டிகிரி சொச்சம்தான் இருந்தது. தெர்மோஸ்டாட்கள் பொதுவாக 74, 82, 88 டிகிரி என்று மூன்று வகையாகக் கிடைக்கின்றன. வெப்பமான பகுதிகளுக்கு 74, வழக்கமான உபயோகத்துக்கு 82, குளிருக்கு 88. எதைப் போட்டிருந்தாலும் 60 என்பது கணக்கில் வராத எண். ஒன்று தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் எஞ்சின் கொதிக்கிறது என்று யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உண்மையான காரணமான அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டிருப்பார்கள். பழைய கார்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. நகரத்து நெரிசலில் ஹீட்டர் ஓரளவு சூடு தருகிறது, வேகமாக ஓட்டினால் ஆறிவிடுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, தண்ணீரைத் தடுத்து நிறுத்த அங்கே யாரும் இல்லை. இன்னொன்று, பழைய பெல்லோஸ் வகைத் தெர்மோஸ்டாட்டில் சீக்கிரம் ஆவியாகும் திரவம் ஒரு மெல்லிய உலோகத் துருத்திக்குள் அடைபட்டிருக்கும். துருத்தி ஓட்டையானால் அது திறந்த நிலையிலேயே நின்றுவிடும். எஞ்சினுக்கு அது பாதுகாப்புதான். ஆனால் எச்சரிக்கை எதுவும் வராது, எஞ்சின் சூடாகாது, ஹீட்டர் சூடாகாது, அவ்வளவுதான். பிற்காலத்து மெழுகு வகை பெரும்பாலும் மூடிய நிலையில் கெடும் என்றாலும், துரும்போ சுண்ணாம்புத் துகளோ சிக்கினால் அதுவும் பாதி திறந்தே கிடக்கும். என் காரில் இருந்தது இந்தக் கதைதான், வால்வின் விளிம்பில் காவி நிறத்தில் ஒரு கட்டி.

புதிதாக வாங்கியதையும் சோதிக்காமல் போடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டருடன் சூடேற்றினால் எந்த இடத்தில் திறக்கத் தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நான் 88 டிகிரி வகையைப் போட்டேன். எஞ்சின் குளிரிலும் 85க்கு மேல் நின்றது. ஹீட்டர் முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் நல்ல ஹீட்டர் என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் போவோம். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ், இரண்டையும் அளக்க வேண்டும். விசிறியை முழு வேகத்தில் போட்டு, வெப்பக் குமிழை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஐடிலிங்கைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பாருங்கள். பெல்ட்டும் விசிறியும் சுற்றுகின்றன, சட்டைக் கையும் விரலும் பத்திரம். இரண்டு ஹோஸும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் அங்கே வரவே இல்லை: வால்வு மூடியிருக்கிறது, அல்லது ஹெட்டில் உள்ள வாய் அடைத்திருக்கிறது, அல்லது காற்று அடைபட்டிருக்கிறது. போகும் ஹோஸ் சுட்டு, திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டம் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்து, காலுக்கு வரும் காற்று மட்டும் ஆறியிருந்தால் தண்ணீர்ப் பக்கம் குற்றமில்லை, காற்றுப் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனை டேஷ்போர்டைக் காப்பாற்றும். இதைச் செய்யாமல் ஹீட்டரில் கைவைக்கும் யாருடைய பேச்சையும் நான் கேட்கமாட்டேன்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் கோருக்குள் ஓடி, 10 டிகிரி ஆறி வெளியேறினால் அது காற்றுக்குக் கொடுத்த சூடு ஏறக்குறைய 2.8 கிலோவாட். அதே 4 லிட்டர் 1 லிட்டராகக் குறைந்தால், 35 டிகிரி ஆறினாலும்கூட ஏறக்குறைய 2.4 கிலோவாட்தான் கிடைக்கும். அப்போது கோரின் கடைசிப் பகுதி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். என் காரில் போகும் ஹோஸ் 80, திரும்புவது 45. ஓட்டம் குறைவு என்று அந்த எண்கள் நேராகவே சொல்லிவிட்டன.

எங்கே தடை? மூன்று இடங்களைப் பார்த்தேன். வால்வை இயக்கும் கேபிள் முதலில். டேஷ்போர்டில் குமிழ் முழுதாகத் திரும்பும், ஆனால் கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் உறையே நகரும், உள்ளே உள்ள கம்பி நகராது. வால்வு பாதிதான் திறக்கும். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவரைக் குமிழைத் திருப்பச் சொல்லி, வால்வின் நெம்புகோல் கடைசிவரை போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். என் காரில் போகவில்லை. கிளிப்பை இறுக்கினேன்.

அடுத்தது வால்வு ஹெட்டோடு சேரும் இடம். பல எஞ்சின்களில் அது ஹெட்டின் பின்கோடியில் இருக்கிறது. தண்ணீர் மெதுவாக நகரும் மூலை அது, துருத்தூளும் மணலும் அங்கே வந்து படியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட்டைக் கொஞ்சம் வடித்துவிட்டு, வால்வைக் கழற்றி, மெல்லிய கம்பியால் அந்த வாயைக் குத்திப் பார்க்கலாம். சேறு போல வரும். புது கேஸ்கெட் போட்டுத்தான் மூட வேண்டும், பழையதை மறுபடி உபயோகித்தால் கசியும்.

மூன்றாவதுதான் கோர். கழற்றாமலேயே அதைக் கழுவலாம். இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்தில் எடுத்துவிட்டு, திரும்பும் ஹோஸில் சாதாரணத் தண்ணீர்க் குழாயைச் செருகி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விட வேண்டும். மறுமுனையை ஒரு வாளிக்குள் விட்டுப் பாருங்கள். முதலில் காவித் தண்ணீர், அப்புறம் செதில்கள், அப்புறம் தெளிவு. அழுத்தம் மட்டும் மிக மென்மையாக இருக்கட்டும். பழைய கோர்கள் செம்பும் பித்தளையுமாக, ஈயப் பற்றவைப்பில் நிற்பவை. கூலன்ட் மூடிகள் பலவும் 7 முதல் 13 பிஎஸ்ஐ வரைதான் அழுத்தம் தாங்கவிடும், குழாய்த் தண்ணீரின் முழு அழுத்தம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அழுத்திக் கழுவினால் அடைப்போடு கோரும் போய்விடும். சுண்ணாம்பு அதிகம் என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலைக் கோருக்குள் மட்டும் நிரப்பிக் கொஞ்ச நேரம் வைத்து, பின்பு நிறையத் தண்ணீரில் கழுவிவிடலாம். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சினுக்குள் அதைச் சுற்றவிட நான் துணியமாட்டேன். வெளியேறும் கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

மறுபடி நிரப்பும்போதுதான் பலருக்கும் புதுத் தொல்லை வரும், ஏர் லாக். ஹீட்டர் ரேடியேட்டரைவிட உயரத்தில் இருக்கும் கார்களில் காற்று கோருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு வரும், விட்டால் போய்விடும். பானட்டுக்குள் களகளவென்று சத்தம் கேட்கும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டர் வால்வை முழுதாகத் திறந்து வைத்து, திரும்பும் ஹோஸை அதன் மேல்முனையில் கழற்றி, புனல் வழியாகத் தண்ணீர் வழிந்து வரும்வரை மெதுவாக ஊற்றினால் காற்று வெளியேறிவிடும். எல்லாம் எஞ்சின் ஆறியிருக்கும்போது. 7 பிஎஸ்ஐ மூடி உள்ள அமைப்பில்கூடத் தண்ணீர் 110 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். காற்றை வெளியேற்றிய பிறகும் ஏர் லாக் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் விஷயம் ஹீட்டரில் இல்லை. ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபோது திரும்பும் ஹோஸ் 70ஐத் தொட்டது. ஆனால் காலடிக்கு வந்த காற்று 33 டிகிரிதான். வெளியே 5 டிகிரி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கோரின் முகத்தை ஒட்டிச் சூடு 60ஐ எட்டியது. வெளியே வரும்போது 33. 60 டிகிரிக் காற்றையும் 5 டிகிரிக் காற்றையும் சரிபாதி கலந்தால் வருவது ஏறக்குறைய அந்த எண்தான். அப்படியென்றால் பாதிக் காற்று கோரைத் தொடாமலேயே உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஹீட்டர் பெட்டியில் கோரைச் சுற்றிலும் ஒரு ஸ்பாஞ்ச் பட்டை இருக்கும். காற்று இடைவெளி வழியாக நழுவிவிடாமல் கோரின் தகடுகளுக்குள்ளேயே புக வைப்பது அந்தப் பட்டையின் வேலை. இத்தனை வருடத்தில் அந்த ஸ்பாஞ்ச் பொடியாகியிருந்தது. மடல்களின் விளிம்பில் ஒட்டியிருந்ததும் அப்படியே. ஹீட்டரின் காற்று வாயில் கறுப்புத் துகள்கள் வந்து விழுந்தால் அது அந்த ஸ்பாஞ்ச்தான். என் காரில் பெட்டியின் முன்மூடியை மட்டும் கழற்றி, தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் ஸ்பாஞ்சைத் திணிக்க முடிந்தது. தகடுகளுக்கு இடையே மட்கிய இலையும் தூசியும் கம்பளம் போல் படிந்திருந்தன. மென்மையான பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் அதற்குப் போதும்.

அப்புறம் விசிறி. சத்தம் நிறைய, காற்று குறைவு. மோட்டாரின் முனைகளில், ஓடும்போதே, வோல்ட் பார்க்க வேண்டும். பேட்டரியில் 14 இருக்க மோட்டாரில் 10தான் என்றால் இடையில் உள்ள சுவிட்ச், புல்லட் கனெக்டர்கள், எர்த் இவற்றில் நான்கு வோல்ட் வீணாகிறது. அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே விசிறி புத்துயிர் பெறும். என் காரில் வோல்ட் சரியாகவே இருந்தது. ஆனால் இறக்கைகள் வளைந்திருக்கும் பக்கத்தையும் அது சுற்றும் பக்கத்தையும் பார்த்தபோது ஏதோ பொருந்தவில்லை. விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

காரணம் அழகானது. 1960களின் பிற்பகுதி வரைகூடப் பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டியின் உடலோடு இணைந்தது. பிற்பாடு நெகட்டிவ் எர்த் வழக்கமானது. ஆல்டர்னேட்டரோ ரேடியோவோ போடுவதற்காகப் பழைய கார்களையும் அப்படி மாற்றிவிடுவார்கள். காந்தச் சுருள் உள்ள மோட்டாரில் முனைகளை மாற்றினால் இரண்டு காந்தப் புலமும் சேர்ந்தே திரும்பும், அதனால் சுற்றும் திசை மாறாது. நிலைக்காந்தம் உள்ள மோட்டாரில் திசை மாறிவிடும். இறக்கை வகை விசிறி என்றால் காற்றே எதிர்ப்பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். உருளைக் கூடு வகை என்றால் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் பலவீனமாக. யாருக்கும் சந்தேகம் வராது, "இந்தக் கார் ஹீட்டர் இவ்வளவுதான்" என்று ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். எத்தனை பேர் அப்படி ஏற்றுக்கொண்டு குளிரில் ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. மோட்டாரின் இரண்டு ஒயர்களை மாற்றிச் செருகினேன். வேலை முடிந்தது. காற்று அறையத் தொடங்கியது.

இன்னும் ஒன்று இருக்கிறது. உள்ளே வரும் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். ஃபோர்டு 1964இல் கார்ட்டினாவில் ஏரோஃப்ளோ என்ற பெயரில் பின்தூண்களில் காற்று வெளியேறும் துளைகளை வைத்தது. அதற்கு முந்தைய பல கார்களில் அப்படி ஒரு வழியே கிடையாது. கதவு ரப்பர்களை எல்லாம் புதிதாக மாற்றிய காரில் ஹீட்டர் திடீரென்று மந்தமானால், பின்பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிப் பாருங்கள். காற்றோட்டம் கூடினால் காரணம் அதுதான். ஆனால் எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் இடையே உள்ள தடுப்பான ஃபயர்வாலில் ஒயர்களும் பெடல்களும் நுழையும் ஓட்டைகளின் ரப்பர்களைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். அந்த வழியாகக் காலில் அடிக்கும் குளிர்காற்றோடு எந்த ஹீட்டரும் போட்டி போட முடியாது, எஞ்சின் புகையும் அதே வழியாகத்தான் உள்ளே வரும்.

புகை என்றதும், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போல் காற்றால் குளிரும் எஞ்சின் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கோரும் இல்லை, கூலன்ட்டும் இல்லை. புகைக்குழாயைச் சுற்றிய உறையில் காற்று சூடாகி, கதவுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுக் குழல்கள் வழியாக முன்னே வருகிறது. அந்தக் குழல்கள் துருப்பிடித்தால் சூடு வழியிலேயே போய்விடும். அந்த உறைக்குள் ஓடும் புகைக்குழாய் ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அங்கே சூடு குறைவதைவிடப் புகை நுழைகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கோரை மாற்றியே தீர வேண்டிய நேரமும் உண்டு. பயணி பக்கத்து கார்ப்பெட் நனைந்து, உள்ளே இனிப்பான வாடை அடித்து, துடைக்கத் துடைக்க முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் வந்தால் கோர் கசிகிறது. அப்போது தயங்காமல் டேஷ்போர்டைக் கழற்றுங்கள். கசிவை நிறுத்தும் பவுடர்களைக் கூலன்ட்டில் கொட்டாதீர்கள், அவை முதலில் அடைப்பது கோரின் மெல்லிய குழாய்களைத்தான்.

என் காரில் இப்போது காலடிக் காற்று 55 டிகிரியைத் தாண்டுகிறது. கண்ணாடி சில நிமிடங்களில் தெளிகிறது. கோர் பழையதுதான், டேஷ்போர்டை இன்னும் தொடவில்லை. ஓட்டுநர் பக்கத்தைவிடப் பயணி பக்கம் சூடு கூடுதலாக இருக்கிறது. பெட்டிக்குள் மடலின் அச்சு ஒருபுறம் தேய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கூலன்ட்டாக ஈயப் பற்றவைப்புக்கு ஒத்துப்போகும் பழைய வகை, சிலிகேட் கலந்த எத்திலீன் கிளைகாலை, சரிபாதித் தண்ணீர் சேர்த்து ஊற்றியிருக்கிறேன். அது மைனஸ் 35 டிகிரிவரை உறையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும், மாற்றும்போது கோரையும் எதிர்த்திசையில் மறுபடி கழுவிவிடுவேன். மடலின் அச்சையும் அப்போதே பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.